சிங்கப்பூர்–நியூயார்க்: தூரம் ஒன்று, நேரம் தினம் ஒன்று

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று தேடிப் பாருங்கள். எல்லாப் பக்கங்களும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்லும்: 15,349 கிலோமீட்டர். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால்தான் குழப்பம். ஒரு பக்கம் பதினேழரை மணி நேரம் என்று சொல்லும், இன்னொன்று பத்தொன்பதரை என்று சொல்லும். உண்மையில் அந்த விமானம் பெரும்பாலான நாட்களில் இரண்டுக்கும் நடுவே எங்கோ வந்து இறங்குகிறது.

அந்த இரண்டு எண்களும் எப்படி வந்தன என்பதில் பெரிய ரகசியம் இல்லை. 15,349-ஐ மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டினால் பதினேழரை. மணிக்கு 500 மைல், அதாவது 805 கிலோமீட்டரால் வகுத்து அதே அரை மணியைக் கூட்டினால் பத்தொன்பதரை. எந்தத் திசையில் போகிறீர்கள், எந்த மாதம், எந்த நாட்டின் வானம் மூடியிருக்கிறது என்று இந்தக் கணக்கு எதுவும் கேட்பதில்லை. சென்னையிலிருந்து கொழும்புக்கு இந்தக் கணக்கு போதும். உலகின் மிக நீண்ட நேரடிப் பயணத்துக்குப் போதாது.

தூரத்திலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தூரத்தைக் கால்குலேட்டர்கூட இல்லாமல் போட்டுவிடலாம். சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 103.99 டிகிரியில் இருக்கிறது, கென்னடி மேற்கு 73.78-இல். இரண்டையும் கூட்டினால் 177.77. அதாவது ஏறத்தாழ 180. தீர்க்கரேகையை மட்டும் பார்த்தால் பூமிப் பந்தில் ஒன்றுக்கு நேர் மறுபக்கம் மற்றொன்று என்று பொருள். அப்படிப்பட்ட இரண்டு இடங்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை. நேராக வடக்கே ஏறி, துருவத்தைத் தாண்டி, மறுபக்கம் இறங்குவதுதான் குறுக்கு வழி. சாங்கியின் அட்சரேகை வடக்கு 1.36, எனவே துருவம் வரை 88.64 டிகிரி. கென்னடியின் அட்சரேகை 40.64, எனவே துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.36 டிகிரி. கூட்டினால் 138. ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் 15,346. இணையம் சொல்லும் எண்ணுக்கு மூன்று கிலோமீட்டர்தான் குறைவு. (கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. 180-க்குக் குறையும் அந்த 2.23 டிகிரி ஒரு பக்கம் இழுக்க, பூமியின் தட்டையான வடிவம் மறுபக்கம் இழுக்க, இரண்டும் ஏறக்குறையச் சரிக்கட்டிவிட்டன.)

மற்ற ஊர்களுக்கு இந்தக் குறுக்குவழி உதவாது. சூத்திரம்தான் வேண்டும். முதல் ஊரின் அட்சரேகை சைனை இரண்டாம் ஊரின் அட்சரேகை சைனால் பெருக்கி ஒரு பக்கம் வையுங்கள். இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களையும் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனால் மறுபடி பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டி, அதன் தலைகீழ் கோசைன் எடுத்தால் கோணம் கிடைக்கும். அதை 111.195-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். நம் ஊர்களுக்கு முதல் பகுதி 0.01546, இரண்டாம் பகுதி கழித்தல் 0.75803, கூட்டினால் கழித்தல் 0.74257, கோணம் 137.95 டிகிரி, தூரம் 15,340 கிலோமீட்டர். பூமியை உருண்டையாக வைத்துக்கொண்டால் வரும் விடை இது. நிஜத்தில் நிலநடுக்கோட்டருகே ஓர் அட்சரேகை டிகிரி 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7 கிலோமீட்டர். அந்தத் தட்டையைக் கணக்கில் சேர்த்தால் மீதி ஒன்பது கிலோமீட்டரும் வந்துவிடும்.

இந்தக் கணக்கில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். முதலாவது, மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறப்பது. கென்னடிக்கு அந்தக் குறியை விட்டால் விடை சுமார் 5,320 கிலோமீட்டர். நீங்கள் நியூயார்க்குக்குப் பதிலாகக் கிர்கிஸ்தான் மலைகளுக்குப் போயிருப்பீர்கள். இவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் படும், அதனால் ஆபத்தில்லை. இரண்டாவதுதான் கள்ளத்தனமானது. வரைபடத்தில் 40 டிகிரி 38 நிமிடம் என்று இருப்பதை 40.38 என்று அடித்துவிடுவது. 38 நிமிடம் என்பது 60-இல் 38, அதாவது 0.63. இந்தத் தடத்தில் அந்தப் பிழை அப்படியே 28 கிலோமீட்டராக விடையில் உட்கார்ந்துகொள்ளும். விடை பார்க்க நன்றாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மூன்றாவது மைல் குழப்பம். சாலை மைல் 1.609 கிலோமீட்டர், விமானிகளின் நாட்டிக்கல் மைல் 1.852 கிலோமீட்டர். இதே தூரம் ஒன்றில் 9,537, மற்றதில் 8,288. விமானத்தின் எட்டும் தூரத்தை நாட்டிக்கல் மைலில் படித்துவிட்டு, ஊர்களின் தூரத்தைச் சாலை மைலில் வைத்து ஒப்பிட்டு, "இந்த விமானம் அங்கே போகவே முடியாது" என்று வாதாடுபவர்களை நிறையப் பார்க்கலாம்.

வரைபடத்தில் அந்தக் குறுகிய கோட்டைப் பின்தொடர்ந்தால் சாங்கியிலிருந்து நேர் வடக்கே தாய்லாந்து வளைகுடா, இந்தோசீனா, சீனாவில் செங்டுவுக்குச் சற்று மேற்கே, மங்கோலியா, பைக்கால் ஏரிக்கு மேற்கே சைபீரியா, பிறகு ஆர்க்டிக் கடல். வடதுருவத்துக்கு 300 கிலோமீட்டருக்குள் தொட்டுவிட்டு, கிரீன்லாந்தின் வடமேற்கு ஓரம், பாஃபின் தீவு, கியூபெக் என்று இறங்கி நியூயார்க். பார்க்க அழகான கோடு. ஆனால் பெரும்பாலான நாட்களில் விமானம் இந்தக் கோட்டின் பக்கமே போவதில்லை.

காற்றைத் தேடிப் போகும் பாதை

இந்தத் தடத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்.க்யூ.24 என்பது சிங்கப்பூரிலிருந்து கென்னடிக்குப் போவது, எஸ்.க்யூ.23 திரும்பி வருவது. விமானத் தடங்களைக் காட்டும் செயலிகளில் இந்த இரண்டு எண்களின் கடந்த ஒரு வாரப் பாதைகளைத் திறந்து பாருங்கள். போகும்போது பெரும்பாலும் தென்சீனக் கடல், தைவான் அல்லது பிலிப்பைன்ஸ் பக்கம், ஜப்பானுக்குக் கிழக்கே வட பசிபிக், அலாஸ்கா அல்லது கனடாவின் மேற்குக் கரை, அங்கிருந்து குறுக்காக நியூயார்க். திரும்பும்போது பல நாட்களில் அட்லாண்டிக்கைத் தாண்டி, ஐரோப்பா வழியாக, ஆசியாவின் குறுக்கே சிங்கப்பூர். அதாவது போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. போய்த் திரும்புபவர் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறார்.

காரணம் ஜெட் ஸ்ட்ரீம். நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் அதே 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்று ஆறு அது. குளிர்காலத்தில் ஜப்பானுக்குக் கிழக்கே அதன் நடுப்பகுதி மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றினாலும் பரவாயில்லை, அந்த ஆற்றில் இறங்கினால் லாபம் என்று கணக்குச் சொன்னால் விமானம் சுற்றித்தான் போகும்.

எண்ணில் வைத்துப் பார்க்கலாம். பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் வெளி வெப்பம் கழித்தல் 56 டிகிரி. அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர். இந்தத் தடத்தில் ஓடும் ஏர்பஸ் ஏ350 அதில் 0.85 பங்கு வேகத்தில் பறக்கிறது, அதாவது மணிக்கு 900. காற்றே இல்லாத உலகத்தில் நேர்க்கோட்டுத் தூரத்துக்கு 17 மணி நேரம். இப்போது 16,500 கிலோமீட்டர் சுற்றுப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். வழி நெடுகச் சராசரியாக 40 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தால் தரை வேகம் 940, நேரம் பதினேழரை மணிக்குச் சற்று மேல். சராசரிப் பின்காற்று 80 ஆனால் 16 மணி 50 நிமிடம். நேர்க்கோட்டில் போய் 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று வாங்கினாலோ 18 மணி 15 நிமிடம். குறுகிய வழி நீண்ட பயணமாகிவிடும். இத்துடன் ஏறவும் இறங்கவும் ஓடுபாதைத் திசைக்குத் திரும்பவும் ஆகும் நேரத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

போகும்போது கிடைக்கும் காற்று, வரும்போது எதிர்த்தாலும் கடைசியில் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. சரியாகாது. 4,500 கிலோமீட்டர் தூரம், 900 கிலோமீட்டர் வேகம், 100 கிலோமீட்டர் காற்று. போக நாலரை மணி நேரம், வர ஐந்து மணி 37 நிமிடம். மொத்தம் 10 மணி 7 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் சரியாகப் பத்து. எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டு இருக்கும் நேரம் அதிகம் என்பதால் நஷ்டம் எப்போதும் லாபத்தைவிடக் கூடுதல். அதனால்தான் திரும்பும் வழியில் பசிபிக் பக்கமே போகாமல் உலகின் மறுபக்கம் போகிறார்கள்.

பாதையையும் எரிபொருளையும் திட்டமிடும் டிஸ்பாச்சர்கள் கிலோமீட்டரைப் பெரிதாகப் பேசுவதில்லை. அவர்கள் பார்ப்பது காற்றைக் கழித்த தூரம்: இன்றைய காற்றில் இந்தப் பாதை, காற்றில்லாத வானத்தில் எத்தனை கிலோமீட்டருக்குச் சமம்? புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பு வானிலைக் கணிப்பை வைத்துக் கணினி பல பாதைகளை இப்படி ஒப்பிட்டு, எரிபொருள், நேரம், வான்வெளிக் கட்டணம் மூன்றையும் சேர்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். நேற்று அலாஸ்கா வழியாகப் போன விமானம் இன்று ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே போகலாம். பயணிக்குத் தெரிவது முன்னிருக்கைத் திரையில் நகரும் அந்தச் சின்ன விமானம் மட்டும்தான்.

மூடிய வானமும் கணக்கை மாற்றுகிறது. 2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் போரைத் தொடர்ந்து ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றிய விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. அதன் விளைவைத் தெளிவாகக் காட்டும் தடம் ஹெல்சிங்கி–டோக்கியோ. சைபீரியா மேலாகப் பத்து மணி நேரத்துக்குள் முடிந்த பயணம், வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு சுமார் 13 மணி நேரம் ஆனது. இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, தூரப் பக்கங்கள் இன்றும் பழைய எண்ணையே காட்டுகின்றன. சிங்கப்பூர்–நியூயார்க்கின் நேர்க்கோடும் சைபீரியா மேலாகத்தான் போகிறது என்பதை முன்பே பார்த்தோம்.

பாதி விமானம் எரிபொருள்

இந்தத் தடத்தின் வரலாறே எரிபொருள் கணக்குதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூனில் நியூயார்க் வட்டாரத்துக்கு நேரடிச் சேவை தொடங்கியது. இறங்கிய இடம் நியூஜெர்சியின் நியூவர்க், விமானம் நான்கு என்ஜின் ஏ340-500. சில வருடங்களில் அதை 100 இருக்கை கொண்ட முழு பிசினஸ் வகுப்பு விமானமாக மாற்றிப் பார்த்தார்கள். அப்படியும் கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். நான்கு என்ஜின், விலை ஏறிய எரிபொருள், குறைந்த பயணிகள் என்று மூன்றும் சேர்ந்த விளைவு.

2018 அக்டோபர் 11-ஆம் தேதி அதே தடம் இரண்டு என்ஜின் ஏ350-900 யு.எல்.ஆர். (மிக நீண்ட தூர வகை) விமானத்துடன் மறுபடி தொடங்கியது. முதல் பயணம் 17 மணி 52 நிமிடத்தில் நியூவர்க் போய்ச் சேர்ந்தது. யு.எல்.ஆர். என்பது தனி விமானம் அல்ல, சாதாரண ஏ350-900-தான். கூடுதல் தொட்டி எதுவும் பொருத்தாமல், இருக்கும் தொட்டிகளின் எரிபொருள் அமைப்பை மாற்றி 1,41,000 லிட்டர் கொள்ளளவை 1,65,000 லிட்டராக்கினார்கள். முன்பக்கச் சரக்கு அறையைப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். உள்ளே 161 இருக்கைகள்: பிசினஸில் 67, பிரீமியம் எகானமியில் 94. சாதாரண எகானமி கிடையாது. டிக்கெட் விலையைப் பார்த்துத் திகைப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 300 பேர் உட்காரக்கூடிய உடலில் 161 பேர்தான் போகிறார்கள்.

ஒரு லிட்டர் விமான எரிபொருள் சுமார் 0.8 கிலோ. 1,65,000 லிட்டர் என்றால் 132 டன். புறப்படும்போது அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை 280 டன். தொட்டி நிறைந்த நாளில் ஓடுபாதையிலிருந்து எழும்புவதில் ஏறக்குறையப் பாதி எரிபொருள்தான். அந்த எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னிலும் மணிக்கு 3, 4 சதவீதம் அதைத் தூக்கிச் செல்லவே எரிந்துபோகும் என்பது விமானத் துறையின் தோராயக் கணக்கு. 18 மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விடும். "பாதுகாப்புக்கு இன்னும் பத்து டன் போட்டுக்கொள்ளலாமே" என்று இந்தத் தடத்தில் யாரும் எளிதாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் எவ்வளவு போடுவார்கள்? பயணத்துக்கு வேண்டியது, மணிக்குச் சராசரி 6 டன் என்று வைத்தால் 110 டன் அளவில். ஓடுபாதை வரை ஊர்ந்து போக ஒரு சிறு பங்கு. கணிப்பு தவறினால் சமாளிக்கப் பயண எரிபொருளில் சில சதவீதம். கென்னடி மூடிவிட்டால் மாற்று விமான நிலையம் போகத் தேவையானது. எல்லாம் முடிந்த பிறகும் 30 நிமிடம் வட்டமிடக் கடைசிக் கையிருப்பு. இந்தக் கடைசி 30 நிமிடத்தைத் தொட வேண்டி வந்தால் அது அவசரநிலை என்று அறிவிக்க வேண்டும்.

நீண்ட தடங்களில் பல நிறுவனங்கள் கையாளும் ஒரு நுட்பம் உண்டு. கணிப்புப் பிழைக்கான கையிருப்பு பயண எரிபொருளின் சதவீதம் என்பதால், முதலில் வழியிலேயே இருக்கும் சற்று அருகிலுள்ள ஒரு விமான நிலையத்துக்குப் போவதாகத் திட்டம் போடுவார்கள். ஒரு குறிப்பிட்ட புள்ளியை அடைந்ததும் தொட்டியில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நினைத்தபடி மிச்சம் இருந்தால் அங்கிருந்து நிஜ இலக்குக்குப் புதிய திட்டம். இல்லாவிட்டால் அருகிலுள்ளதில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்வது. மிக அரிதாக "எதிர்பாராத நிறுத்தம்" என்று பயணிகள் கேள்விப்படுவதன் பின்னணியில் சில வேளை இருப்பது இதுதான். கோளாறு எதுவும் இல்லை, காற்று ஏமாற்றியிருக்கிறது.

எடை அதிகமாக இருக்கும்போது விமானத்தால் நேராக 40,000 அடிக்கு ஏற முடியாது. 31,000 அல்லது 33,000 அடியில் தொடங்கி, எரிபொருள் எரிய எரியப் படிப்படியாக ஏறும். பயணத்தின் நடுவில், சாப்பாடெல்லாம் முடிந்து விளக்கணைத்த பிறகு, என்ஜின் சத்தம் சில நிமிடம் கூடி மறுபடி அடங்கினால் பெரும்பாலும் அது இந்தப் படியேற்றம்.

துருவப் பக்கம் போகும் நாட்களில் வேறொரு கவலை வரும், எரிபொருள் உறைவது. சிங்கப்பூரில் நிரப்புவது ஜெட் ஏ-1, உறைநிலை கழித்தல் 47 டிகிரி. அமெரிக்காவில் வழக்கமாகக் கிடைப்பது ஜெட் ஏ, உறைநிலை கழித்தல் 40. வெளியே கழித்தல் 56 என்றால் இரண்டுமே உறைந்துவிடாதா என்று தோன்றும். விமானம் ஓடும் வேகத்தில் காற்று அழுந்திச் சூடாவதால் இறக்கையின் மேல் படும் வெப்பம் கழித்தல் 25 அளவில்தான் இருக்கும். ஆனால் ஆர்க்டிக் குளிர்காலத்தில் வெளிக்காற்று கழித்தல் 70-க்குப் போகும்போது அந்தக் கணக்கு கழித்தல் 40-ஐத் தொடுகிறது. ஜெட் ஏ-யின் உறைநிலை அதே எண். தொட்டி பெரியது, குளிர மணிக்கணக்காகும் என்பதால் உடனே ஆபத்தில்லை. விமானிகள் தொட்டி வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே போய், எல்லைக்கு மேல் சில டிகிரி மிச்சம் இருக்கும்போதே வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள், அல்லது வெப்பம் கூடிய உயரத்துக்கு இறங்குவார்கள், அல்லது தெற்கே திரும்புவார்கள். மூன்றில் எதைச் செய்தாலும் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், நேரமும் மாறும். இதோடு 82 டிகிரி வடக்குக்கு மேலே நிலநடுக்கோட்டுக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோள்கள் கண்ணில் படாது. அங்கே பெரும்பாலும் பழைய நீள்தூர ரேடியோதான் கை கொடுக்கும். சூரியப் புயல் வந்தால் அதுவும் இரைச்சலாகிவிடும். அந்த நாட்களில் துருவப் பாதைகளைத் தெற்கே தள்ளிவிடுவார்கள்.

டிக்கெட்டில் உள்ள நேரம்

டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரம் அல்ல. சக்கரத்துக்குக் கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை வைக்கும்வரை உள்ள நேரம். துறையில் பிளாக் டைம் என்பார்கள். சாங்கியில் வாசலிலிருந்து பின்தள்ளி ஓடுபாதை போகவும், கென்னடியில் இறங்கி வாசல் வரவும் ஆகும் நிமிடங்கள் அதில் அடக்கம். தாமதத்துக்காகக் கொஞ்சம் கூடுதல் நேரமும் சேர்த்து வைத்திருப்பார்கள். அதனால்தான் அட்டவணையில் பதினெட்டே முக்கால் மணி போல இருக்கும் பயணம், "இன்று பறக்கும் நேரம் 17 மணி 40 நிமிடம்" என்ற விமானியின் அறிவிப்போடு தொடங்குகிறது. சீக்கிரம் வந்துவிட்டோம் என்று மகிழ்ந்து, வாசல் காலியாக இல்லாததால் கென்னடியின் தார்த்தளத்தில் அரை மணி நேரம் காத்திருப்பதும் உண்டு. இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் பிளாக் டைமை நம்பியே திட்டமிட வேண்டும். அமெரிக்கக் குடிநுழைவு வரிசையும் சேர்வதால் மூன்று மணி நேர இடைவெளிக்குக் குறைவாக எடுக்காமல் இருப்பது நல்லது.

சென்னையிலிருந்து நியூயார்க் போகிறவர்களுக்கு இந்தத் தடம் சரிப்படுமா என்று கேட்பார்கள். தூரத்தை மட்டும் பார்த்தால் சரிப்படாது. சென்னை–நியூயார்க் நேர்க்கோடு சுமார் 13,480 கிலோமீட்டர். துபாய் வழியாகப் போனால் 2,930-உம் 11,000-உம் சேர்ந்து 13,930, வெறும் 450 கிலோமீட்டர்தான் சுற்று. சிங்கப்பூர் வழியாகப் போனால் முதலில் 2,920 கிலோமீட்டர் எதிர்த்திசையில் போய், பிறகு 15,349. மொத்தம் 18,270. கிட்டத்தட்ட 4,800 கிலோமீட்டர், ஐந்து மணி நேரத்துக்கும் மேல் தண்டம். மூக்கைச் சுற்றித் தொடுவது என்றால் இதுதான். சிங்கப்பூரிலோ ஜொகூரிலோ வசிப்பவர்களுக்கு மட்டுமே இந்த நேரடிப் பயணம் முழுப் பலன் தரும். அவர்களுக்கும் ஒரு மாற்று இருக்கிறது. அதே நிறுவனம் ஃபிராங்க்ஃபர்ட் வழியாக ஒரு சேவை நடத்துகிறது. 10,280-உம் 6,190-உம் சேர்ந்து 16,470 கிலோமீட்டர், நடுவில் நிற்பதையும் சேர்த்தால் 23, 24 மணி நேரம். நேரடிப் பயணம் மிச்சப்படுத்துவது ஐந்து மணி நேரம். அதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்பது அவரவர் முதுகைப் பொறுத்தது. நடுவில் இரண்டு மணி நேரம் எழுந்து நடப்பது முழங்காலுக்கு நல்லது என்று சொல்பவர்களின் கட்சிதான் எனக்கும்.

நியூவர்க்கா கென்னடியா என்பதற்குத் தூரப் பக்கங்களைப் பார்க்கவே வேண்டாம். 15,344-உம் 15,349-உம். ஐந்து கிலோமீட்டர் வித்தியாசம், விமானத்துக்கு இருபது விநாடி. போய்ச் சேர வேண்டிய வீடு நியூஜெர்சியின் எடிசனிலோ பிரிட்ஜ்வாட்டரிலோ இருந்தால் நியூவர்க், குயின்ஸிலோ லாங் ஐலண்டிலோ இருந்தால் கென்னடி. மாற்றி எடுத்துவிட்டுக் காலை நேரத்து மன்ஹாட்டன் பாலங்களில் மாட்டினால், ஜெட் ஸ்ட்ரீம் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரமெல்லாம் அங்கேயே போய்விடும்.

கடிகாரக் கணக்கில் கொஞ்சம் கவனம் வேண்டும். சிங்கப்பூர், உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால், வருடம் முழுக்க மாறாமல். நியூயார்க் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நான்கு மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் ஐந்து மணி நேரம். எனவே கோடையில் வித்தியாசம் சரியாகப் 12 மணி, கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம், காலை மாலையை மாற்றிக்கொண்டால் போதும். குளிர்காலத்தில் 13.

கோடையில் நள்ளிரவு 12 மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி 18 மணி 40 நிமிடம் பயணம் செய்தால், சிங்கப்பூரில் மாலை 6.40, நியூயார்க்கில் அதே தேதியில் காலை 6.40. இடையில் ஜன்னலுக்கு வெளியே ஒரு முழுப் பகலும் வந்து போயிருக்கும். சூரியனை எதிர்த்துக் கிழக்கே ஓடுவதால் அது அவசர அவசரமாக முடியும் குட்டிப் பகல். இரவில் ஏறி, பகலைப் பார்த்து, மறுபடி இரவில் தூங்கி, கிளம்பிய அதே தேதியின் காலையில் இறங்குவது உடம்புக்குப் பெரிய குழப்பம். முதல் உணவு முடிந்ததும் தூங்குவதைவிட, கடைசி ஏழெட்டு மணி நேரத்தைத் தூக்கத்துக்கு வைப்பது நியூயார்க் காலைக்கு ஏற்றது.

திரும்பும்போது நாள் காணாமல் போகும். கோடையில் வெள்ளிக்கிழமை இரவு 10.30-க்குக் கென்னடியில் கிளம்பினால் 18 மணி 50 நிமிடத்தில் சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலை 5.20. திங்கட்கிழமை அலுவலகத்துக்கு இது வசதி. சனிக்கிழமை முழுக்க ஆகாயத்தில்தான். புரட்டாசிச் சனிக்கிழமை தவறாமல் விரதம் இருப்பவர்கள் அந்த வாரம் பயணம் போட்டால், இந்து சைவ உணவைப் புறப்பாட்டுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே பதிவுசெய்துவிடுங்கள்.